வாசகர் கேள்வி – பதில்: தரவுத்தள சர்வருக்கு ஒரு கண்காணிப்பு ஏஜென்ட்

தரவுத்தள சர்வரைக் கண்காணித்து எண்களைச் சேகரித்துத் தரும் சிறு நிரலான ஏஜென்ட் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை இங்கே சேர்த்துத் தந்திருக்கிறோம். கேட்டவர்களில் பெரும்பாலோர் போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துவதால், பதில்களும் அவற்றை ஒட்டியே அமைந்துள்ளன.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஒரே லினக்ஸ் சர்வரில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயங்குகிறது. சர்வரின் சிபியு, நினைவகம், வட்டு இடம் ஆகியவற்றை ஏற்கெனவே ஓர் ஏஜென்ட் கண்காணித்து வருகிறது. தரவுத்தளத்துக்கென்று தனியாக இன்னொன்று தேவையா? தேவையென்றால், அதை அதே இயந்திரத்தில்தான் நிறுவ வேண்டுமா?

பதில்: கட்டாயம் தேவை. இயந்திரத்தைப் பார்க்கும் ஏஜென்ட்டுக்குத் தரவுத்தளம் என்பது நினைவகத்தையும் சிபியுவையும் எடுத்துக்கொள்ளும் ஒரு புரோசஸ் மட்டுமே. தரவுத்தளத்துக்குள் என்ன நடக்கிறது என்பது அந்த ஏஜென்ட்டுக்குத் தெரியாது. ஒரு டிரான்சாக்‌ஷன் (ஒன்றாக முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுதி) ஓர் அட்டவணையைப் பூட்டிவைத்துக்கொண்டு 40 நிமிடங்களாக முடியாமல் நிற்கிறது, அதன் பின்னால் மற்ற வினவல்கள் எல்லாம் வரிசையில் காத்துக்கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சிபியு பயன்பாடு ஏறாது, இறங்கும். இயந்திரத்தின் வரைபடத்தைப் பார்ப்பவர் சர்வர் ஓய்வாக இருப்பதாக நினைப்பார். பயனர்களோ திரை உறைந்துவிட்டதென்று தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பூட்டைப் பற்றிய செய்தி தரவுத்தளத்திடமே இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் ‘பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி’, ‘பிஜி_ஸ்டாட்_டேட்டாபேஸ்’ போன்ற காட்சிகளிலும் (வியூ, அதாவது அட்டவணைபோல வினவக்கூடியவை), மைஎஸ்க்யூஎல்லில் ‘பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா’விலும் அது எப்போதும் எழுதப்பட்டு வருகிறது. தரவுத்தள ஏஜென்ட் செய்வது இவ்வளவுதான்: ஒரு பயனராக உள்ளே நுழைந்து, அந்தக் காட்சிகளை வினவி, வரும் எண்களைச் சேகரிக்கும் இடத்துக்குக் கொடுக்கிறது. புரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் முறையில் சேகரிக்கும் சர்வர் வந்து ஏஜென்ட்டிடம் கேட்டு எடுத்துச் செல்லும். அம்முறையில் ஏஜென்ட்டுக்கு எக்ஸ்போர்ட்டர் என்று பெயர்; போஸ்ட்கிரெஸ் எக்ஸ்போர்ட்டர் 9187 என்ற போர்ட்டிலும், மைஎஸ்க்யூஎல் எக்ஸ்போர்ட்டர் 9104 என்ற போர்ட்டிலும் அதற்காகக் காத்திருக்கின்றன. ஸாபிக்ஸ் என்ற மற்றொரு கண்காணிப்பு மென்பொருளின் ஏஜென்ட் 2-க்கும் இந்த இரு தரவுத்தளங்களுக்கான பிளக்இன்கள் உண்டு.

ஏஜென்ட்டும் ஒரு தரவுத்தளப் பயனர்தான் என்பதால், அது வேறோர் இயந்திரத்திலிருந்தும் இணையலாம். இருந்தாலும், உங்கள் நிலையில் அதே இயந்திரத்தில் நிறுவுவதையே பரிந்துரைப்பேன். தரவுத்தளப் போர்ட்டை இதற்காக நெட்வொர்க்கில் திறந்துவிட வேண்டியிருக்காது, கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளூர் சாக்கெட் வழியாக நுழையவும் வழி உண்டு. எண்களைச் சேமிக்கும் சர்வரும் எச்சரிக்கை அனுப்பும் நிரலும் மட்டும் வேறு இயந்திரத்தில் இருந்தே ஆக வேண்டும். அவையும் இதே இயந்திரத்தில் இருந்தால், இயந்திரம் நின்ற அடுத்த நொடியே அதைச் சொல்ல வேண்டியவையும் நின்றுபோகும்.

கேள்வி: ஏஜென்ட்டை நிறுவியபோது, எங்கள் பொறியாளர் தரவுத்தளத்தின் ரூட் கணக்கையே அதற்குக் கொடுத்துவிட்டார். எல்லா அளவீடுகளும் சரியாக வருகின்றன. இதை மாற்றித்தான் ஆக வேண்டுமா? குறைந்தபட்சம் எந்தெந்த உரிமைகள் போதும்?

பதில்: மாற்றித்தான் ஆக வேண்டும், தள்ளிப்போடாமல் இந்த வாரமே மாற்றுங்கள். ஏஜென்ட்டின் கடவுச்சொல் இரவும் பகலும் ஒரு கோப்பில் கிடக்கிறது. ஏஜென்ட் நெட்வொர்க்கில் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறது. வெளியார் எழுதிய அந்த நிரல் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் வழியாக யாராவது நுழைந்தால், ஏஜென்ட்டுக்கு நீங்கள் கொடுத்த உரிமை முழுவதும் அவர் கைக்குப் போய்விடும். போஸ்ட்கிரெஸில் ரூட் கணக்குக்கு நிகரான சூப்பர்யூசர் உரிமை என்பது தரவுகளோடு நின்றுவிடுவதில்லை; ‘காப்பி’ கட்டளையின் ‘புரோகிராம்’ வடிவத்தைக் கொண்டு, தரவுத்தளம் எந்த இயங்குதளக் கணக்கில் ஓடுகிறதோ அந்தக் கணக்கின் பெயரில் எந்த நிரலையும் இயக்கலாம். எண்களை எண்ணிச் சொல்வதற்காக வந்த ஒரு நிரலுக்கு அவ்வளவு பெரிய அதிகாரம் எதற்கு?

போஸ்ட்கிரெஸில் 10-ஆம் பதிப்பிலிருந்தே இதற்கென்று ‘பிஜி_மானிட்டர்’ என்ற ரோல் (உரிமைகளின் தொகுப்பு) இருக்கிறது. தனியாக ஒரு பயனரை உருவாக்கி அந்த ரோலைக் கொடுத்தால் போதும். புள்ளிவிவரக் காட்சிகள் முழுவதும் தெரியும், உங்கள் அட்டவணைகளில் உள்ள தரவு ஒரு வரிகூடத் தெரியாது. இந்த ரோலைக் கொடுக்காமல் விட்டால் ஏஜென்ட் இயங்கத்தான் செய்யும், ஆனால் பிறர் இயக்கும் வினவல்களின் இடத்தில் ‘இன்சஃபீஷியன்ட் பிரிவிலேஜ்’ என்ற சொற்களே வரும். அதைப் பார்த்ததும் பதறிப்போய்ச் சூப்பர்யூசர் உரிமையைக் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. குறைவது அந்த ஒரு ரோல் மட்டுமே. கூடவே, அந்தப் பயனருக்கு ‘கனெக்‌ஷன் லிமிட்’ 3 என்றும், ‘ஸ்டேட்மென்ட் டைம்அவுட்’ 5 நொடி என்றும் அமைத்துவிடுங்கள். சர்வர் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஏஜென்ட்டின் வினவல்களும் முடியாமல் தேங்கினால் சுமை மேலும் கூடும். இந்த இரு வரம்புகளும் அதைத் தடுக்கும்.

அடுத்து, யார் எங்கிருந்து எப்படி நுழையலாம் என்று சொல்லும் ‘பிஜி_ஹெச்பிஏ’ கோப்பு. இதில் மேலிருந்து கீழாக முதலில் பொருந்தும் வரியே செல்லும். அந்த வரியில் அனுமதி கிடைக்காவிட்டால் தரவுத்தளம் அடுத்த வரியைப் பார்ப்பதில்லை. ஆகவே ஏஜென்ட்டுக்கான வரியைப் பொதுவான வரிகளுக்கு மேலே எழுதுங்கள். அதே இயந்திரத்தில் ஏஜென்ட் இயங்கினால் ‘பீர்’ முறையைத் தேர்ந்தெடுக்கலாம். லினக்ஸ் கணக்கின் பெயரும் தரவுத்தளப் பயனரின் பெயரும் ஒன்றாக இருந்தால், சாக்கெட் வழியாகக் கடவுச்சொல் இல்லாமலே அனுமதி கிடைக்கும், திருடுபோவதற்கு எந்தக் கோப்பிலும் எதுவும் இருக்காது. தொலைவிலிருந்து இணைவதாக இருந்தால் ‘ஸ்க்ராம்’ என்ற கடவுச்சொல் முறையைப் பயன்படுத்துங்கள். கோப்பை மாற்றிய பின் ரீலோடு போதும். தரவுத்தளத்தை நிறுத்தித் தொடங்கத் தேவையில்லை.

மைஎஸ்க்யூஎல்லில் ‘புராசஸ்’, ‘ரெப்ளிகேஷன் கிளையன்ட்’ ஆகிய இரு உரிமைகளும், ‘பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா’வைப் படிக்கும் உரிமையும் பெரும்பாலான அளவீடுகளுக்குப் போதும். பல வழிகாட்டிகள் எல்லாத் தரவுத்தளங்களின் மீதும் ‘செலக்ட்’ உரிமையைக் கொடுக்கச் சொல்கின்றன. அப்படிக் கொடுத்தால் வாடிக்கையாளர் விவரமும் சம்பளப் பட்டியலும் ஏஜென்ட்டுக்குத் திறந்துவிடப்படுகின்றன என்பதை உணர்ந்து முடிவெடுங்கள். ஒவ்வோர் அட்டவணையின் அளவையும் பார்க்க வேண்டுமானால் அந்த அட்டவணைகளின் மீது ஏதேனும் ஓர் உரிமை வேண்டியிருக்கும் என்பது உண்மைதான்; அது உங்களுக்குத் தேவையா என்று முதலில் யோசித்து, தேவையான தரவுத்தளத்துக்கு மட்டும் கொடுங்கள். இங்கும் ‘மேக்ஸ் யூசர் கனெக்‌ஷன்ஸ்’ 3 என்று வரம்பு வைக்கலாம்.

மைஎஸ்க்யூஎல்லில் புதியவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதினால் லினக்ஸில் அதன் கிளையன்ட் நிரல் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகச் செல்லும், 127.0.0.1 என்று எழுதினால் டிசிபி வழியாகச் செல்லும். சர்வரில் பெயர் கண்டறிதல் நிறுத்தப்பட்டிருந்தால், ‘லோக்கல்ஹோஸ்ட்’டுக்கென உருவாக்கிய பயனர் 127.0.0.1 வழியாக நுழைய முடியாது. கடவுச்சொல் சரியாக இருந்தும் ‘ஆக்சஸ் டினைடு’ என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் பயன்படுத்துவோருக்கு ‘வியூ சர்வர் ஸ்டேட்’ உரிமை போதும். 2022 பதிப்பில் அதைவிடக் குறுகிய ‘வியூ சர்வர் பெர்ஃபார்மன்ஸ் ஸ்டேட்’ இருக்கிறது.

கடவுச்சொல்லைக் கோப்பில் வைத்தே தீர வேண்டுமென்றால், அதை, சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் யூனிட் கோப்பில் எழுதாதீர்கள். அந்தக் கோப்பை இயந்திரத்தில் உள்ள எவரும் படிக்கலாம். தனிக் கோப்பில் எழுதி, உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் கூடிய 0600 என்ற அனுமதியுடன் வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு, ஏஜென்ட்டின் பெயரில் நீங்களே உள்ளே நுழைந்து, வியாபாரத் தரவு உள்ள ஓர் அட்டவணையைப் படிக்க முயன்று பாருங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் அமைப்பு சரி. ஒரு வரி திரையில் வந்தாலும் உரிமைகளை மறுபடியும் பார்க்க வேண்டும்.

கேள்வி: அளவீடுகளை எத்தனை நொடிக்கு ஒருமுறை எடுப்பது நல்லது?

பதில்: இணைப்புகளின் எண்ணிக்கை, டிரான்சாக்‌ஷன் வேகம் போன்ற இலேசான அளவீடுகளுக்கு 15 முதல் 60 நொடி வரை எதுவும் சரியே. தரவுத்தளத்தின் மொத்த அளவு போன்றவற்றை அதே வேகத்தில் கேட்காதீர்கள். போஸ்ட்கிரெஸில் அந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கூட்டப்படுகிறது. அதற்கு மணிக்கு ஒருமுறை போதும். மைஎஸ்க்யூஎல் 8.0-இல் அட்டவணைகளின் அளவு 86,400 நொடி, அதாவது ஒரு முழு நாள், நினைவில் வைக்கப்பட்டு அதுவே திரும்பத் திரும்பத் தரப்படும் என்பதால், அடிக்கடி கேட்டாலும் பழைய எண்ணே வரும்.

கேள்வி: ஒரு விடுமுறை நாளில் எங்கள் தரவுத்தளம் பல மணி நேரம் நின்றிருந்தது. கண்காணிப்புப் பலகையோ முழுநேரமும் பச்சையாகவே இருந்தது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. ஏஜென்ட் நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு எப்படி இது நேர்ந்தது?

பதில்: ஏஜென்ட் நிற்காமல் ஓடியதால்தான் நேர்ந்தது. இங்கே இரண்டு இணைப்புகள் இருக்கின்றன: சேகரிக்கும் சர்வரிலிருந்து ஏஜென்ட்டுக்கு ஒன்று, ஏஜென்ட்டிலிருந்து தரவுத்தளத்துக்கு மற்றொன்று. புரோமிதியஸில் ‘அப்’ என்ற அளவீடு முதல் இணைப்பை மட்டுமே சொல்கிறது. தரவுத்தளம் நின்றாலும் எக்ஸ்போர்ட்டர் கேட்ட கேள்விக்குப் பதில் கொடுக்கும் என்பதால் அது 1 என்றே இருக்கும். இரண்டாவது இணைப்பைச் சொல்வது ‘பிஜி_அப்’ என்ற வேறோர் அளவீடு. மைஎஸ்க்யூஎல்லில் அதன் பெயர் ‘மைஎஸ்க்யூஎல்_அப்’. உங்கள் பலகை முதலாவதை மட்டும் பார்த்துப் பச்சை காட்டியிருக்கிறது என்று கருதுகிறேன்.

இதை நீங்களே நேரில் காணலாம். தரவுத்தளத்தை நிறுத்திவைத்த ஒரு சோதனைச் சர்வரில், 9187 போர்ட்டில் உள்ள ‘மெட்ரிக்ஸ்’ பக்கத்தை பிரவுசரில் திறந்து பாருங்கள். பக்கம் தடையின்றித் திறக்கும். ஏஜென்ட்டின் சொந்த நினைவகப் பயன்பாடு உட்பட வரி வரியாக எண்கள் நிறைந்திருக்கும். வழக்கமாக வரும் தரவுத்தள அளவீடுகள் மட்டும் மறைந்துபோய், அவற்றின் நடுவே ‘பிஜி_அப்’ என்ற ஒரே ஒரு வரியின் இறுதியில் 0 என்று இருக்கும். அந்த 0-ஐ யாரும் கேட்கவில்லையென்றால், தரவுத்தளம் நின்றதை அமைப்பில் எதுவும் உங்களுக்குச் சொல்லாது.

இன்னும் ஒரு நுட்பம் கவனிக்க வேண்டியது. ‘இணைப்புகள் 80-ஐத் தாண்டினால் எச்சரிக்கை’ என்று நீங்கள் எழுதியிருந்தாலும், தரவுத்தளம் நின்ற பிறகு அந்த அளவீடே வராது. வராத எண்ணை 80-உடன் ஒப்பிட்டால் விடையும் வராது, எச்சரிக்கையும் கிளம்பாது. தரவு இல்லாத நிலையும் எல்லாம் நலமாக இருக்கும் நிலையும் எச்சரிக்கை விதியின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன. கிராஃபானா என்ற வரைபட மென்பொருளின் பலகையில் எண்ணைப் பெரிதாகக் காட்டும் கட்டங்களும் தேர்ந்தெடுத்த நேர அளவுக்குள் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், பார்ப்பவருக்கு ஐயமே எழாது.

ஆகவே மூன்று எச்சரிக்கைகளை வேறு எதற்கும் முன்னால் எழுதுங்கள். ‘அப்’ 0 ஆனால் ஒன்று. ‘பிஜி_அப்’ 0 ஆனால் ஒன்று. அந்த அளவீடே காணாமல்போனால் ஒன்று. மூன்றாவதற்கு ‘ஆப்சன்ட்’ என்ற செயல்கூறு இருக்கிறது. இவற்றோடு, எச்சரிக்கை அனுப்பும் நிரலே நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதற்கு, எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஒரு விதியை எழுதி, அந்த ஒலி நின்றால் உங்களை அழைக்கும்படி வெளியே ஒரு சேவையை அமைப்பது வழக்கம்.

பிறகு ஒருநாள் வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். ஏஜென்ட் சேவையை நிறுத்துங்கள்; செய்தி தொலைபேசிக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்ததாக, ஏஜென்ட்டின் பயனருக்கு நுழையும் உரிமையை எடுத்துவிடுங்கள். இங்கே ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அறுபடாது என்பதால் ஒன்றும் நடக்காததுபோலத் தோன்றும். அந்த இணைப்பையும் ‘பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்’ கொண்டு துண்டித்தால்தான் சோதனை முழுமையாகும். இந்தச் சோதனையைச் செய்யாத கண்காணிப்பு அமைப்பை நான் நம்புவதில்லை. உங்களையும் நம்ப வேண்டாமென்றே கேட்டுக்கொள்வேன்.

கேள்வி: நெரிசல் நேரத்தில் ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’ என்று தரவுத்தளம் எல்லோரையும் மறுக்கிறது. அந்த நேரத்துக்கான வரைபடத்தைப் பார்த்தால் அங்கே வெற்றிடமாக இருக்கிறது. மிகவும் தேவைப்படும் நேரத்தில் ஏஜென்ட் குருடாகிவிடுகிறதே, இதற்கு வழி உண்டா?

பதில்: உண்டு. இயல்பாக மைஎஸ்க்யூஎல் 151 இணைப்புகளையும் போஸ்ட்கிரெஸ் 100 இணைப்புகளையும் அனுமதிக்கின்றன. போஸ்ட்கிரெஸ் அந்த 100-இல் 3 இடங்களைச் சூப்பர்யூசர்களுக்கென ஒதுக்கி வைக்கிறது. மைஎஸ்க்யூஎல் நிர்வாகிக்காக 151-க்கு மேல் ஓர் இடத்தைத் தருகிறது. ஏஜென்ட்டுக்கு இந்த இடங்களைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுக்காதீர்கள். எல்லோரும் மறுக்கப்படும் நேரத்தில் நிர்வாகியான நீங்கள் உள்ளே நுழைந்து சிக்கலைத் தீர்ப்பதற்கென்று வைத்த இடம் அது. குறிப்பாக மைஎஸ்க்யூஎல்லின் அந்த ஒற்றை இடத்தை ஏஜென்ட் பிடித்துக்கொண்டால் நீங்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

போஸ்ட்கிரெஸ் 16 முதல் இதற்கு நேரான வழி வந்திருக்கிறது. ‘ரிசர்வ்டு_கனெக்‌ஷன்ஸ்’ என்ற அமைப்பில் சில இடங்களை ஒதுக்கி, ‘பிஜி_யூஸ்_ரிசர்வ்டு_கனெக்‌ஷன்ஸ்’ என்ற ரோலை ஏஜென்ட்டின் பயனருக்குக் கொடுக்கலாம். சூப்பர்யூசர் இடங்கள் அப்படியே இருக்கும். இயல்பில் இதன் மதிப்பு 0 என்பதால் நீங்களாக அமைத்தால்தான் உண்டு. அமைத்த பின் ரீஸ்டார்ட் வேண்டும்.

பழைய பதிப்புகளிலும் மைஎஸ்க்யூஎல்லிலும், வெற்றிடம் வருவதற்கு முன்பே செய்தி வரும்படி, அனுமதித்த இணைப்புகளில் 80 சதவீதம் நிரம்பியதும் எச்சரிக்கை வையுங்கள். வரம்பையே உயர்த்திவிடலாம் என்பது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனிப் புரோசஸ் எழும்பும் என்பதால் அது நினைவகத் தட்டுப்பாட்டில் கொண்டுபோய் விடும். சில இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் போன்ற இணைப்புத் தொகுப்பியை இடையில் வைப்பதே சரியான தீர்வு. அப்படி வைத்தாலும் ஏஜென்ட்டை அதன் வழியாக விடாமல் நேராகத் தரவுத்தளத்தோடு இணையுங்கள். தொகுப்பியின் நிலையை அதன் சொந்த நிர்வாக இணைப்பு வழியாகத் தனியே கண்காணியுங்கள். இல்லாவிட்டால் கோளாறு தொகுப்பியிலா தரவுத்தளத்திலா என்று பிரித்துச் சொல்ல வழியிருக்காது.

கேள்வி: எந்த வினவல் தாமதமாகிறது என்று பார்க்க ‘பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்’ நீட்சியை உருவாக்கினேன். ஏஜென்ட்டில் இன்னும் ஒன்றும் வரவில்லை. மேலும், வினவல்களில் வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண் போன்றவை இருக்கின்றனவே, அவை கண்காணிப்புப் பலகைக்குப் போய்விடாதா?

பதில்: நீட்சியை உருவாக்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ‘ஷேர்டு_ப்ரீலோடு_லைப்ரரீஸ்’ என்ற அமைப்பில் அதன் பெயரைச் சேர்த்து, தரவுத்தளத்தை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால்தான் எண்ணிக்கை தொடங்கும், ரீலோடு போதாது. அதோடு, ஏஜென்ட் எந்தத் தரவுத்தளத்தோடு இணைகிறதோ அதில் நீட்சி உருவாக்கப்பட்டிருக்க வேண்டும். வேறொரு தரவுத்தளத்தில் உருவாக்கியிருந்தால் காட்சியே அதற்குத் தெரியாது.

இரண்டாவது கேள்வியைக் கேட்டது குறித்து மகிழ்ச்சி; பலரும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. சாதாரண வினவல்களில் உள்ள எண்களையும் பெயர்களையும் இந்த நீட்சி நீக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் குறியீடுகளை வைக்கிறது. ஆகவே தொலைபேசி எண் அதில் தங்காது. ஆனால் ‘பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி’ அப்படிச் செய்வதில்லை. பயன்பாட்டு நிரல் மதிப்புகளை வினவலுக்குள்ளேயே கோத்து அனுப்பினால், ஓடிக்கொண்டிருக்கும் வினவல் அந்த மதிப்புகளோடு அப்படியே அங்கே தெரியும். உங்கள் ஏஜென்ட் அந்தக் காட்சியிலிருந்து வினவல் வாசகத்தை எடுக்கிறதா, எண்ணிக்கையை மட்டும் எடுக்கிறதா என்று அதன் அமைப்புக் கோப்பில் பாருங்கள். வாசகம் தேவையில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். எக்ஸ்போர்ட்டரின் போர்ட் இயல்பில் கடவுச்சொல் கேட்பதில்லை என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் கொண்டு, சேகரிக்கும் சர்வர் தவிர வேறு யாரும் அதைத் தொடாதபடி ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள்.

கேள்வி: ஏஜென்ட்டோடு வந்த எச்சரிக்கை விதிகள் அனைத்தையும் இயக்கிவிட்டோம். நாளொன்றுக்குப் பல செய்திகள் வருவதால் இப்போது யாரும் படிப்பதில்லை. எவற்றை வைத்துக்கொள்ளலாம்?

பதில்: செய்தி வந்தவுடன் ஒருவர் எழுந்து வந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறதா என்று ஒவ்வொரு விதியிடமும் கேளுங்கள். இல்லையென்றால் அது வரைபடத்தில் மட்டும் இருக்கட்டும். சிபியு 90 சதவீதத்தைத் தொட்டது என்ற செய்தி அந்த வகை. இரவு அறிக்கை ஓடும்போது அது தொடத்தான் செய்யும்.

நான் வைத்துக்கொள்ளச் சொல்பவை இவை. தரவுத்தளம் பதில் தராத நிலை, இணைப்புகள் நிரம்புதல் ஆகிய இரண்டையும் மேலே சொல்லிவிட்டேன். வட்டு இடத்துக்கு, இன்று எவ்வளவு மிச்சம் என்பதைவிட, இதே வேகத்தில் போனால் எப்போது தீரும் என்று கணக்கிடும் விதி மேலானது. போஸ்ட்கிரெஸில் வட்டைத் திடீரென நிரப்பும் ஒன்று உண்டு: நகல் சர்வருக்கென உருவாக்கிய ‘ரெப்ளிகேஷன் ஸ்லாட்’டை, அந்த நகலை நீக்கிய பிறகும் அழிக்காமல் விட்டுவிடுவது. யாரும் வந்து வாங்காத அந்த ஸ்லாட்டுக்காக முதன்மைச் சர்வர், மாற்றங்களைப் பதியும் ‘வால்’ (WAL) கோப்புகளைச் சேர்த்துக்கொண்டே போகும். செயலற்ற ஸ்லாட் ஒன்று இருந்தாலே எச்சரிக்கை வரட்டும். 13-ஆம் பதிப்பு முதல் ‘மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்’ என்ற உச்சவரம்பையும் வைக்கலாம்.

‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ நிலையில், அதாவது தொடங்கியதை முடிக்காமல், நீண்ட நேரம் நிற்கும் இணைப்பும் செய்திக்கு உரியது. அது ஒன்றும் செய்யாமல் நிற்பதுபோலத் தோன்றினாலும், தான் பிடித்த பூட்டுகளை விடாமல் வைத்திருக்கும். வேக்யூம் என்ற துப்புரவு வேலை பழைய வரிகளை அகற்றுவதையும் தடுக்கக்கூடும். வேக்யூம் தொடர்ந்து தடைபட்டால் டிரான்சாக்‌ஷன் எண்களின் வயது ஏறிக்கொண்டே போகும். போஸ்ட்கிரெஸில் அந்த எண் 32 பிட் கொண்டது; வயது சுமார் 214 கோடி என்ற எல்லையை நெருங்கினால், தரவைக் காப்பதற்காகப் புதிதாக எதையும் எழுதுவதைத் தரவுத்தளமே மறுக்கத் தொடங்கும். இயல்பான அமைப்பில் 20 கோடியைத் தாண்டியதுமே தானியங்கி வேக்யூம் கட்டாயமாக இறங்கிவிடும் என்பதால், வயது 50 கோடியைக் கடந்தால் எங்கோ அடைப்பு இருக்கிறதென்று பொருள். அங்கே எச்சரிக்கை வைத்தால், நிதானமாகச் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

நகல் சர்வர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை அளக்கும்போது கவனம் தேவை. மைஎஸ்க்யூஎல்லில் நகலெடுக்கும் வேலையே நின்றுவிட்டால் பின்தங்கிய நொடிகளின் இடத்தில் ‘நல்’ (NULL, மதிப்பில்லை) வரும்; ‘300-ஐத் தாண்டினால்’ என்ற விதி அதைக் கண்டுகொள்ளாது. போஸ்ட்கிரெஸில் கடைசியாக வந்த டிரான்சாக்‌ஷனின் நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழித்து அளந்தால், முதன்மைச் சர்வரில் எதுவும் எழுதப்படாத பின்னிரவில் அந்த எண் தானாக ஏறி, பொய்யான எச்சரிக்கை வரும். முதன்மையில் ஓர் அட்டவணையில் நொடிக்கொருமுறை நேரத்தை எழுதிவைத்து, அதை நகலில் படித்து ஒப்பிடுவது இரு தொல்லைகளுக்கும் தீர்வாகும். மைஎஸ்க்யூஎல்லுக்கு பெர்கோனா டூல்கிட்டில் உள்ள ‘பிடி-ஹார்ட்பீட்’ இதைச் செய்கிறது.

கடைசியாக வெற்றியுடன் முடிந்த பேக்அப்பின் வயதையும் விதிகளில் சேருங்கள். ஏஜென்ட்டோடு வரும் தொகுப்புகளில் பெரும்பாலும் இது இருப்பதில்லை. நீங்கள்தான் எழுத வேண்டும். எந்த விதியும் ஒரு கணத்து ஏற்றத்துக்கு ஒலிக்காதபடி, நிலை சில நிமிடங்கள் நீடித்தால் மட்டும் என்ற நிபந்தனையும் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் தரவுத்தளம் கிளவுட் நிறுவனம் ஒன்றின் நிர்வாகச் சேவையில் இருக்கிறது. இயந்திரத்துக்குள் நுழையவே முடியாது. ஏஜென்ட்டை எங்கே நிறுவுவது?

பதில்: அதே தனி நெட்வொர்க்கில் உள்ள வேறொரு சிறிய இயந்திரத்தில் நிறுவி, தரவுத்தளத்தோடு தொலைவிலிருந்து இணையுங்கள். தரவுத்தளத்துக்குள் இருக்கும் அளவீடுகள் அனைத்தும் அப்படியே கிடைக்கும். இணைப்பை டிஎல்எஸ் மறையாக்கம் வழியாக மட்டும் அனுமதியுங்கள். வட்டு, சிபியு போன்ற இயந்திர அளவீடுகளை மட்டும் அந்த நிறுவனத்தின் கண்காணிப்புச் சேவையிலிருந்து எடுக்க வேண்டும். அமேசான் ஆர்டிஎஸ்ஸில் அது கிளவுட்வாட்ச்.

கேள்வி: போஸ்ட்கிரெஸை 17-ஆம் பதிப்புக்கு மாற்றிய அன்றே சில வரைபடங்கள் நின்றுபோயின. தரவுத்தளம் நன்றாக இயங்குகிறது. ஏஜென்ட்டை மறுபடியும் நிறுவியும் பயனில்லை.

பதில்: ஏஜென்ட் பழைய பெயர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 17-ஆம் பதிப்பில் செக்பாயின்ட் (நினைவகத்தில் உள்ள மாற்றங்களை வட்டில் எழுதும் வேலை) தொடர்பான எண்கள் ‘பிஜி_ஸ்டாட்_பிஜிரைட்டர்’ காட்சியிலிருந்து ‘பிஜி_ஸ்டாட்_செக்பாயின்ட்டர்’ என்ற புதிய காட்சிக்கு மாறிவிட்டன. இதற்கு முன் 13-ஆம் பதிப்பில் ‘பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்’ காட்சியின் ‘டோட்டல்_டைம்’ நெடுவரிசை ‘டோட்டல்_எக்ஸெக்_டைம்’ என்று பெயர் மாறியது. மைஎஸ்க்யூஎல்லிலும் இதே கதைதான்: நகல் நிலையைக் கேட்கும் ‘ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்’ கட்டளைக்கு 8.0.22-இல் ‘ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ்’ என்ற மாற்று வந்தது, 8.4-இல் பழையது நீக்கப்பட்டுவிட்டது.

நீங்கள் மறுபடி நிறுவியது அதே பழைய ஏஜென்ட் பதிப்பாக இருந்தால் பயன் இருக்காது. அதன் பதிவுக் கோப்பைத் திறந்தால், எந்த நெடுவரிசை அல்லது எந்தக் காட்சி இல்லையென்று தரவுத்தளம் சொன்ன பிழை ஒவ்வொரு முறையும் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, உங்கள் தரவுத்தளப் பதிப்பை ஆதரிக்கும் ஏஜென்ட் வெளியீட்டைத் தேடி நிறுவுங்கள். நீங்களே எழுதிச் சேர்த்த வினவல்கள் இருந்தால், அவற்றைக் கையால் திருத்த வேண்டும். அடுத்த முறை தரவுத்தளத்தை உயர்த்துவதற்கு முன், சோதனைச் சர்வரில் புதிய பதிப்பை இயக்கி, ஏஜென்ட்டின் ‘மெட்ரிக்ஸ்’ பக்கத்தில் வரும் பெயர்களைப் பழைய சர்வரின் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பெயர் காணாமல்போகிறதோ அதை நம்பியிருக்கும் எச்சரிக்கை விதியை உயர்த்தும் நாளுக்கு முன்பே மாற்றி எழுதிவிடலாம்.